பேட்டரி ரூம்ல வேல பாக்குற புள்ள: வாசகர் கேள்வி, பதில்

ஜொகூர் கூலாய் பக்கம் செம்பனைய அழிச்ச எடத்துல டேட்டா சென்டர், அதாவது சர்வர்னு சொல்ற பெரிய கம்ப்யூட்டருங்க ராப்பகலா ஓடுற கட்டடம், எழும்ப ஆரம்பிச்சதுலேர்ந்து இந்தப் பகுதிக்கு வர்ற கேள்வில பாதி அதப் பத்திதான், அதனால இந்த வாரம் மூணும் கரண்டு கேள்வி.

கேள்வி: தோட்டத்து இஞ்சின் வூட்டுல இருவது வருசம் வேல பாத்தவன் நான். சாயங்காலம் ஆறரைக்கு இஞ்சின ஓட்டுனா லயத்துக்கெல்லாம் வெளிச்சம், பத்து மணிக்கு நிப்பாட்டிருவோம். இங்க வரிசையா அவ்ளோ பெரிய ஜெனரேட்டர் வச்சிருக்காங்களே, அப்புறம் எதுக்கு பேட்டரி வேற?

ஐயா, இஞ்சின ஓட்டுன கைக்கு இது டக்குனு புரியும். இஞ்சின் சுத்தி, வேகம் புடிச்சு, 50 ஹெர்ட்ஸ்ல வந்து நின்னு லோட வாங்க எவ்ளோ வேகமா பாத்தாலும் பத்து செகண்ட் பக்கம் ஆகுது. லயத்துல பத்து செகண்ட் இருட்டானா புள்ளைங்க கத்தும், அவ்ளோதான். சர்வர் கரண்டு இல்லாம தாங்குறது 20 மில்லிசெகண்ட் அளவுக்குத்தான், கண்ண சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிரும், அந்த எடவெளிய அடைக்கத்தான் யுபிஎஸ், அதாவது கரண்டு போன அந்த நொடியே தாங்கிப் புடிக்கிற பேட்டரி. அஞ்சு நிமிசம், பதினஞ்சு நிமிசம் தாங்குற மாதிரி வைப்பாங்க, ஏன்னா மொத ஜெனரேட்டர் மக்கர் பண்ணா அடுத்தத எழுப்ப நேரம் வேணும்ல.

இன்னொன்னும் நீங்க ஒத்துக்குவீங்க. வாரத்துக்கு ஒருக்கா லோட் இல்லாம சும்மா ஓட்டி நிப்பாட்டுறத நான் டெஸ்ட்டுன்னே சொல்ல மாட்டேன், அப்படி ஓடுற டீசல் இஞ்சின் சரியா சூடேறாம எரியாத எண்ணெ பைப்புல பிசுபிசுன்னு படியும், நெஜமா லோட குடுத்து ஓட்டுனாத்தான் அது வேலைக்கு ஆகுமான்னு தெரியும். அப்புறம் டீசல் பம்ப் எந்த ஒயரத்துல இருக்குன்னு பாக்கணும். 2012-ல சாண்டி புயல் நியூயார்க்க அடிச்சப்ப ஒரு கட்டடத்துல ஜெனரேட்டர் ஒசரத்துல பத்திரமா இருந்துச்சு, டீசல ஏத்துற பம்ப் பேஸ்மென்ட்ல மூழ்கிருச்சு, ஆளுங்க படிக்கட்டுல வரிசையா நின்னு வாளி வாளியா 17 மாடிக்கு டீசல தூக்குனாங்க. 2006 கடைசில கோத்தா திங்கி தண்ணில கெடந்தத பாத்த ஜொகூர்காரங்களுக்கு இதுக்கு மேல சொல்லணுமா.

கேள்வி: என் மகனுக்கு 23 வயசு, டேட்டா சென்டர்ல கான்ட்ராக்டர்கிட்ட டெக்னிஷன் வேல கெடச்சிருக்கு, நைட் ஷிப்ட். பேட்டரி ரூம்லதான் வேலன்னு சொல்றான். கொரியாவுல பேட்டரி வெடிச்சு தீப்புடிச்சத ஃபோன்ல பாத்ததுலேர்ந்து எனக்கு தூக்கம் இல்ல. வேணாம்னு சொல்லிறவா?

அம்மா, வேணாம்னு சொல்லாதீங்க, நல்ல வேல அது. ஆனா உங்க பயத்துல ஞாயம் இருக்கு, அதனால இதக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், நீங்க படிச்சிட்டு அவன்கிட்டயும் குடுங்க.

நீங்க பாத்தது 2025 செப்டம்பர் 26-ல நடந்ததா இருக்கும். கொரியாவுல டேஜியோன் ஊர்ல அரசாங்க டேட்டா சென்டர், யுபிஎஸ்ஸோட லித்தியம் பேட்டரிய எடம் மாத்துற வேல நடக்கறப்ப தீப்புடிச்சது, பத்து வருசத்துக்கு மேல ஓடுன பேட்டரி. 709 அரசாங்க சிஸ்டம் நின்னு போச்சு, ஊழியருங்க ஃபைல் வச்சிருந்த 858 டெராபைட் டேட்டா அப்படியே அழிஞ்சுது. நம்ம பக்கத்துலயே, 2024 செப்டம்பர்ல சிங்கப்பூர் லோயாங்குல ஒரு டேட்டா சென்டர்ல லித்தியம் பேட்டரி எரிஞ்சுது. இந்தத் தீ பேட்டரிக்குள்ள அடுக்கியிருக்குற ஒரு செல்லுக்குள்ளயே சூடு ஏறி அடுத்த செல்லுக்குத் தாவுறது, மேல தெரியிற நெருப்ப காஸ் அடிச்சு அணைச்சாலும் உள்ள இருக்குற சூடு போகாது, தண்ணி ஊத்தி ஊத்தி ஆத்தணும், அணைஞ்சிருச்சுன்னு நெனச்சதுக்கு அப்புறமும் மறுபடி புடிக்கும்.

பழைய ஈய பேட்டரின்னா வேற ஆபத்து. சார்ஜ் ஏறுறப்ப ஹைட்ரஜன் வரும், காத்துல அது 4 சதவீதம் சேந்தாலே பத்திக்கும், அதனாலதான் அந்த ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் நிக்கவே கூடாது. அப்புறம் 12 வோல்ட் பேட்டரி 40-ஐ தொடர்ச்சியா கோத்தா 480 வோல்ட். மெயின் சுவிட்ச அடைச்சாலும் பேட்டரிக்குள்ள கரண்டு செத்துப் போகாதும்மா, புதுப் பசங்க தடுமாறுற எடம் இதுதான்.

நான் வேலைக்கு சேந்த ரெண்டாவது வருசம், என்கூட நின்ன அண்ணன் கையிலேர்ந்து ஸ்பேனர் நழுவி ரெண்டு டெர்மினலுக்கும் குறுக்க விழுந்துச்சு. பட்டுன்னு ஒரு வெள்ளை வெளிச்சம், ஸ்பேனர் நடுவுல மெழுகு மாதிரி உருகி ஒட்டிக்கிச்சு, அவரு போட்டுருந்த கண்ணாடியில பொட்டு பொட்டா உருகுன இரும்பு. கண்ணாடி இல்லன்னா கண்ணு போயிருக்கும். அன்னிக்கு எங்களுக்கு யாரும் ரப்பர் கைப்புடி போட்ட சாமான் குடுக்கல, நாங்களும் கேக்கல.

அதனால உங்க மகன் கேக்கணும். மோதிரம், செயின், இரும்பு வாட்ச் எல்லாம் வீட்டுலயே கழட்டி வச்சிட்டு போகட்டும். எந்த வேலைக்கும் பெர்மிட் எழுதியிருக்கா, எங்க எங்க கரண்ட பிரிச்சு விட்டு பூட்டு போட்டுருக்குன்னு தன் கண்ணால பாக்கட்டும், சார்ஜ்மேன் லைசன்ஸ் (கரண்டு வேலைய பாக்குறதுக்கான தகுதி) உள்ளவரு வந்து காட்டாம கைய வைக்க வேணாம். ராத்திரில தனியா பேட்டரிய தொடவே கூடாது. உப்புன பேட்டரி, இனிச்ச மாதிரி வாடை, புகை, எது கண்ணுல பட்டாலும், காஸ் அலாரம் கேட்டாலும், ஃபோன தேடாம ஆள்களோட வெளிய வந்து பொம்பாவ (தீயணைப்புக்காரங்கள) கூப்புடணும், 999. சர்வர் நிக்குதேன்னு உள்ள ஓடக்கூடாது. இப்படிக் கேட்டா ஒரு கம்பெனி மொறைக்குதுன்னா, அந்த கம்பெனிய விட்டுட்டு வரச் சொல்லுங்கம்மா, இங்க வேற எடம் நெறைய இருக்கு.

கேள்வி: வீட்டு கம்ப்யூட்டருக்கு வச்ச சின்ன யுபிஎஸ் நாலு வருசமா ஓடுது, இப்ப பக்கமெல்லாம் உப்பி மூடி தொறக்க மாட்டேங்குது. தட்டி தொறக்கலாமா?

தட்டவே தட்டாதீங்க தங்கச்சி. பிளக்க புடுங்கி, வெயில் படாத காத்தோட்டமான எடத்துல, புள்ளைங்க கை படாம வைங்க. உள்ள இருக்குறது பெரும்பாலும் ஈய பேட்டரிதான், நம்ம ஊரு சூட்டுக்கு அது சீக்கிரம் கெட்டுப்போகும், 25 டிகிரிக்கு மேல பத்து டிகிரி ஏறுனா ஆயுசு பாதியாயிரும், அதுவும் டிவி கேபினட்டுக்குள்ள அடைச்சு வச்சிருந்தீங்கன்னா கேக்கவே வேணாம். குப்பையில போடாம பழைய கார் பேட்டரி வாங்குற கடையில யுபிஎஸ்ஸோட அப்படியே குடுத்துருங்க.