ஆரோகண அவரோகணம், அதாவது ராகத்தின் ஏறும், இறங்கும் ஸ்வர வரிசை, மனப்பாடம் ஆனால் ராகம் தெரிந்துவிடுமா?

தெரியாது. ஸ்வரம் தெரியும், அவ்வளவுதான். யூடியூப் பார்த்துக் கீபோர்டில் பழகுகிறீர்கள் என்று நினைக்கிறேன். என் அண்ணன் மகனும் அப்படித்தான் ஆரம்பித்தான்.

"அத்தை, ஆரபியும் தேவகாந்தாரியும் ஒரே ஸ்வரம்தானே? எதுக்கு ரெண்டு பேரு?" என்று வாசித்துக் காட்டினான். புத்தகப்படி சரிதான். இரண்டுமே 29-வது மேளமான (தாய் ராகமான) தீர சங்கராபரணத்தின் ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்தவை. ஏறும்போது ஸ ரி ம ப த ஸ், இறங்கும்போது ஏழு ஸ்வரமும் உண்டு.

"நீ வாசிச்சது ரெண்டுமே இல்லடா" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கீபோர்டை ஓரம்கட்டிவிட்டு, சுருதிப் பெட்டியைப் போட்டு ஆரபியில் இருக்கும் 'சாதிஞ்செனே' கீர்த்தனையைப் பாடினேன். ஆரபியில் காந்தாரம் (க) தனியாக நிற்காது. 'மகரி' என்று மத்யமத்தை (ம) ஒட்டியபடியே வந்து சட்டென்று ரிஷபத்தில் (ரி) இறங்கிவிடும். நிஷாதமும் (நி) அப்படித்தான், ஷட்ஜத்தை (ஸ) விட்டு விலகாது. ஸஸரிரி மமபப என்று ஜண்டையாக விறுவிறுவென்று போகிற ராகம். அப்புறம் கோபாலகிருஷ்ண பாரதியின் 'எந்நேரமும் உன் சன்னதியிலே' எடுத்தேன். தேவகாந்தாரியில் ரிஷபத்தை அசைத்து, நீட்டி, அங்கேயே உட்கார வேண்டும். அவசரப்பட்டால் ஆரபி வாடை அடிக்கும். இரண்டாவது தடவை ரிஷபம் வந்ததுமே பையன், "இது வேற ரி" என்றான். அதற்கப்புறம் நான் எதுவும் விளக்கவில்லை.

ஆகவே ஒரு ராகத்தில் இரண்டு மூன்று உருப்படிகளை, அதாவது பாடல்களை, காதால் கேட்டுப் பாடம் பண்ணுங்கள். பிறகு சாகித்யத்தை (பாட்டு வரிகளை) விட்டுவிட்டு அதே சங்கதிகளை, அதாவது மெட்டின் வளைவுகளை, 'ஆ...' என்று அகாரத்தில் பாடிப் பாருங்கள். ஹம்ஸத்வனி மாதிரி ராகங்களில் ஸ்வரத்தை வைத்தே ஓரளவு ஒப்பேற்றலாம், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

உடனே "கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் கர்நாடக ராகம் வாசிக்கவில்லையா?" என்று யாராவது கிளம்புவார்கள். வாசித்தார், ஸ்வரத்தை அசைத்து வளைக்கிற கமகத்தோடு வாசித்தார். நான் எந்த வாத்தியத்துக்கும் எதிரியில்லை. ராகத்தை வெறும் ஃபார்முலாவாகப் பார்ப்பதுதான் பிடிக்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கொலுவுக்குக் கூப்பிட்டு "பாடு, பாடு" என்று பிடிவாதம் பிடிப்பார்கள். தேவகாந்தாரியில் அந்த ரிஷபத்தைப் பிடித்து நிற்கும்போதுதான், புடவை எந்தக் கடையில் எடுத்தது என்ற விசாரணை ஆரம்பமாகும். பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவிக்குள் சுண்டல் கைக்கு வந்துவிடும். இப்போதெல்லாம் கொலு வீடுகளில் ஆரபியோடு சரி.