பங்குச் சந்தை வகுப்புக்கு செபி லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் இருந்து ஆன்லைனில் தமிழில் பங்கு வர்த்தக வகுப்பு நடத்துகிறேன். மாணவர்களில் பாதிப் பேர் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டைக்காரர்கள். தனி ஆப் தொடங்கப் போகிறேன். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் லைசென்ஸும், கேரளா, தமிழ்நாடு இரண்டிலும் ஜிஎஸ்டி பதிவும் கட்டாயம், 65,000 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பாடம் மட்டும் நடத்துவதற்கென்று செபியில் லைசென்ஸே கிடையாது. இல்லாததை எங்கிருந்து வாங்கித் தருவார்? இப்படிப்பட்டவர்கள் கடைசியில் நீட்டுவது பெரும்பாலும் செபி தொடங்கிய கல்வி நிறுவனமான என்ஐஎஸ்எம்மின் சான்றிதழ்தான். அது தேர்வில் பாஸான தாள், செபி பதிவு அல்ல. அதை வைத்து ஆப்பில் ‘செபி அங்கீகாரம் பெற்றது’ என்று போட்டால் வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள்.

லைசென்ஸ் வேண்டாம், சரி. அதற்காக வாய்க்கு வந்ததைப் பேச முடியாது. செபியின் 2025 ஜனவரி சுற்றறிக்கைப்படி, பாடம் நடத்துகிறவர் கடந்த மூன்று மாத விலையை வைத்துக்கொண்டு ஒரு பங்கின் பெயரைச் சொல்லி, அது ஏறுமா, இறங்குமா, வாங்கலாமா என்று காட்டக் கூடாது. சங்கேதப் பெயரும் உதவாது. ‘நம்ம சிமென்ட் மாமா நாளைக்கு எழுந்திருப்பார்’ என்று டெலிகிராம் குரூப்பில் போட்டாலும் அது சிபாரிசுதான். பாடம்தான் நடத்துகிறேன் என்று சொல்லிவந்த ஒருவரையும் கூட்டாளிகளையும் 17 கோடி ரூபாய்க்கு மேல், தாங்களாக எடுக்க முடியாதபடி பூட்டிவைக்கும் எஸ்க்ரோ கணக்கில் கட்டும்படி 2023 அக்டோபரில் செபி உத்தரவிட்டது. பழைய சார்ட்டை வைத்துப் பாடம் எடுங்கள், லைவ் மார்க்கெட் வகுப்பே வேண்டாம்.

இதில் எரிச்சல் என்னவென்றால், அந்தச் சுற்றறிக்கை எழுதப்பட்டது பங்குச் சந்தைகளுக்கும் புரோக்கர்களுக்கும். வகுப்பு எடுக்கிறவர் ஆங்கிலப் பக்கங்களின் இடுக்கில் தனக்கான வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். கன்சல்டன்ட்கள் பிழைப்பதே அந்த இடுக்கில்தான்.

அப்புறம், மாணவர்களுக்குப் பங்குகளை வைத்திருக்க உதவும் டீமேட் கணக்கு திறந்துகொடுத்தால் கமிஷன் என்று யாராவது வருவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி ஜிஎஸ்டி. எல்லைப் பக்கத்தில் அதிகம் ஏமாற்றுவது இதில்தான். வேறு மாநிலத்துக்கு விற்றாலே பதிவு கட்டாயம் என்பது பொதுவாகப் பொருளுக்கான விதி. பாலக்காட்டுச் சித்தூரில் இருந்து பொள்ளாச்சிக்குச் சேலை அனுப்புகிறவருக்கு அது பொருந்தும். நீங்கள் விற்பது சேவை. சேவைக்கு 2017 அக்டோபரிலேயே விலக்கு வந்துவிட்டது. வாளையாரைத் தாண்டி மாணவர் இருந்தாலும், ஒரு நிதியாண்டில் உங்கள் மொத்த வசூல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பதிவு வேண்டாம். லாபம் அல்ல, வசூல். அதே பான் எண்ணில் வேறு தொழில் இருந்தால் அதுவும் சேரும். தாண்டினால் 18 சதவீதம் கட்ட வேண்டும். அப்போதும் கேரளாவில் ஒரே பதிவு போதும். பொள்ளாச்சியில் அலுவலகம் போட்டால்தான் தமிழ்நாட்டுப் பதிவு.

அந்த கன்சல்டன்டிடம், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இந்த லைசென்ஸ் வருகிறது என்று அவருடைய லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.