அமெரிக்காவோடு அவ்வளவு கொடிய போர் நடந்தும், வியட்நாம் மக்கள் ஏன் அமெரிக்காவை வெறுப்பதில்லை?

முக்கியக் காரணம், அந்தப் போர் முடிந்துவிட்டது. அமெரிக்கப் படை 1973-ல் வெளியேறியது, 1975-ல் வட வியட்நாம் ஜெயித்தது. ஜெயித்தவர்களுக்கு மன்னிப்பது கொஞ்சம் சுலபம் என்றே நினைக்கிறேன். இன்று அங்கே பெரும்பாலானோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். 1995-ல் தூதரக உறவு வந்தது, அப்புறம் ஏற்றுமதிக்குப் பெரிய சந்தையாகவும் அமெரிக்கா ஆனது.

ஆனால் பக்கத்து நாடான சீனாவோடு உள்ள பகையின் கதை வேறு. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் வியட்நாமை ஆண்ட நாடு அது. 1974-ல் தென்சீனக் கடலில் உள்ள பாராசெல் தீவுகளை முழுதாகப் பிடித்தது, 1979-ல் எல்லை தாண்டிப் படையெடுத்தது, 1988-ல் அதே கடலின் ஸ்ப்ராட்லி தீவுப் பகுதியில் நடந்த மோதலில் 64 வியட்நாம் வீரர்கள் இறந்தார்கள். அந்தக் கடல் தகராறு இன்னும் தீரவில்லை. 2014-ல் சீனா எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையைக் கொண்டுவந்து நிறுத்தியதும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். பழைய காயத்தைவிட, பக்கத்திலேயே நிற்கும் பயம்தான் கருத்தை அதிகம் தீர்மானிக்கிறது.

அதற்காக எல்லாம் மறந்துபோச்சு என்று சொல்லிவிடக் கூடாது. போரில் காடுகளை அழிக்க அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. போரின்போது அந்த நச்சைச் சேமித்து வைத்திருந்த தாநாங் நகர விமான நிலையத்தின் நச்சு மண்ணை அமெரிக்க நிதியோடு சுத்தம் செய்து முடிக்கவே 2018 ஆகிவிட்டது.