ஜூன் மாதம் டிராஃப்ட், ஜூலை மாதம் கிரயம்

கேள்வி: நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். மகனுக்கு 20 வயது, கல்லூரிக் கூடைப்பந்தில் இரண்டாம் ஆண்டு ஆடுகிறான். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் இந்த வருஷ டிராஃப்டில் முதல் சுற்றின் கடைசியிலோ இரண்டாம் சுற்றிலோ அவன் பெயர் வரும் என்கிறார்கள். மனைவி, பட்டத்தை முடிக்கட்டும் என்கிறாள். வாய்ப்பு வரும்போதே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு தமிழ்ப் பையன் அந்த மேடையில் நிற்பது நம் எல்லோருக்கும் பெருமைதானே? குடும்பத்துக்கும் சில திட்டங்கள் இருக்கின்றன. கோவை சரவணம்பட்டிப் பக்கம் 10 சென்ட் மனைக்கு அக்ரிமென்ட் போட்டிருக்கிறோம். மகளின் மேற்படிப்புக்குச் சேர்த்த பணத்திலிருந்து அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, ஜூலையில் கிரயம், அதற்குள் இவன் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இவன் மனம்தான் ஊசலாடுகிறது. எப்படி வழிகாட்டுவது?
- பெயர் வேண்டாம், டெக்சஸ்

பதில்: நீங்கள் எழுதியிருந்தது நாலு பக்கம். மகனின் உயரம், ஆட்டத்துக்கு அவன் எடுக்கும் புள்ளி, பயிற்சியாளர் தோளில் தட்டிச் சொன்ன வார்த்தை எல்லாம் இருந்தன. மகள் வருவது ஒரே ஒரு வரியில், அதுவும் பாதி. இடம் போதாமல் மற்றதையெல்லாம் வெட்டினேன். அந்தப் பாதி வரியில் கை வைக்கவில்லை.

மகளின் பணத்தை எடுத்தீர்களே, அவளிடம் கேட்டீர்களா? எழுதவில்லை. அவளுக்கு எப்போது ஃபீஸ் கட்ட வேண்டும்? எழுதவில்லை. மகனுக்கு இது தெரியுமா? அதுவும் இல்லை. தெரிந்திருந்தால் அவன் மனம் ஊசலாடிக்கொண்டிருக்காது. பயந்துபோய் இந்நேரம் பெயர் கொடுத்திருப்பான்.

தேதிகளைக் கொஞ்சம் பார்ப்போம். டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்த கல்லூரி மாணவன், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ மே கடைசியில் வைக்கும் கெடுவுக்குள் பெயரைத் திரும்பப் பெற்றால் மறுபடியும் கல்லூரிக்கே ஆடலாம். அதுவரை அணிகளிடம் போய் ஆடிக் காட்டலாம். சிகாகோ தேர்வு முகாமுக்கு அழைப்பு வந்தால் போகலாம். எந்தச் சுற்றில் இடம் வரும் என்று என்பிஏவின் ஆலோசனைக் குழுவிடமே கேட்கலாம். என்சிஏஏ அங்கீகரித்த ஏஜென்ட்கூட வைத்துக்கொள்ளலாம். ஆக, போவதா படிப்பதா என்று நீங்களும் உங்கள் மனைவியும் சாப்பாட்டு மேசையில் சண்டை போட வேண்டியதே இல்லை. பையன் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம்.

டிராஃப்ட் நடப்பது ஜூன் கடைசியில். உங்கள் கிரயம் ஜூலையில். மே மாதம் அவன் போன் செய்து, “அப்பா, இரண்டாம் சுற்றுதான் என்கிறார்கள், இன்னும் ஒரு வருஷம் ஆடிவிட்டு வர்றேன்” என்றால் என்ன சொல்வீர்கள்? “உன் இஷ்டம் கண்ணு” என்றா? சரவணம்பட்டிக்காரருக்கு மீதிப் பணம் யார் கொடுப்பது? அவன் திரும்பி வரும் கதவை நீங்கள் அக்ரிமென்ட் போட்ட அன்றே சாத்திவிட்டீர்கள். இப்போது என்னிடம் வழிகாட்டுதல் கேட்கிறீர்கள்.

இரண்டாம் சுற்று என்றால் என்ன என்று விசாரித்தீர்களா? முதல் சுற்றில் வரும் 30 பேருக்குச் சம்பளம் அட்டவணைப்படி, முதல் இரண்டு வருஷம் உறுதி. அடுத்த சுற்றில் அந்த உறுதி கிடையாது. நல்ல ஒப்பந்தம் வாங்கியவர்கள் உண்டு. பலருக்குக் கிடைப்பது என்பிஏ அணிக்கும் அதற்குக் கீழே உள்ள ஜி லீக் அணிக்கும் நடுவில் அலையவைக்கும் டூ-வே ஒப்பந்தம். 2024-25 சீசனில் அதற்கு ஏறக்குறைய 5,78,000 டாலர். உங்கள் கண் விரிவது இங்கிருந்தே தெரிகிறது. வரியும் ஏஜென்ட் பங்கும் போக மிச்சம் என்ன, அடுத்த வருஷம் இந்த வேலை இருக்குமா என்று கணக்குப் போடுங்கள். அதுவும் இல்லாமல் வெறும் ஜி லீக் என்றால் சீசனுக்கு 40 ஆயிரத்துச் சொச்சம் டாலர். கல்லூரியிலேயே இருந்தாலும் இப்போது பட்டினி இல்லை. 2021லிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகவும் பணம் கொடுக்கலாம்.

பெருமை என்றீர்கள். 2015ல் உங்கள் ஊர்ப்பக்கத்து டல்லாஸ் மாவெரிக்ஸ் 52வது ஆளாக சத்னம் சிங்கை எடுத்தது. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துப் பையன், இந்தியாவில் பிறந்து டிராஃப்டில் தேர்வான முதல் ஆள். எத்தனை கொண்டாட்டம்! என்பிஏ சீசனில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். அவரைக் குறை சொல்ல நான் யார்? மேடையில் பெயர் வாசித்ததை நம்பி அவர் வீட்டில் யாராவது மனைக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் யோசித்தேன்.

கூடைப்பந்து வீரர் டிம் டங்கனின் கதை உங்கள் மனைவிக்குத் தெரிந்திருந்தால் இந்நேரம் உங்களிடம் சொல்லியிருப்பார். டங்கனின் 14வது பிறந்தநாளுக்கு முந்தின நாள் அம்மா இறந்துபோனார். பட்டம் வாங்குவேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷமும் இருந்து முடித்தார். 1997ல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் முதல் ஆளாக எடுத்தது, ஐந்து முறை சாம்பியன். உங்கள் மனைவி பக்கம் பேச இதைச் சொல்லவில்லை. எல்லோரும் டங்கன் ஆகிவிட மாட்டார்கள், ஒரே வருஷத்தில் கல்லூரியை விட்டுப் போய் நன்றாக இருப்பவர்களும் நிறைய. அந்த வீட்டில் வாக்குக் கொடுத்தது பிள்ளை. உங்கள் வீட்டில் பிள்ளையைக் கேட்காமலே அவன் சார்பில் நீங்கள் ஒரு மனை புரோக்கருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

பெற்றவர்களைப் பிள்ளை பார்த்துக்கொள்வது கடமை என்று நம்புகிற பழைய ஆள்தான் நானும். அவன் சம்பாதித்து, அவன் கையால் கொடுக்கட்டும், இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வராத சம்பளத்தின் மேல் கடன் எழுதுவது வேறு சங்கதி. அதிலும் பெண்பிள்ளை பணத்தில் கை வைப்பது எப்போதும் சுலபம், அவள் சண்டைக்கு வரமாட்டாள் என்று வீட்டுக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் தம்பியின் இன்ஜினியரிங் சீட்டுக்கு என் பெயரில் இருந்த பணம்தான் போனது. தம்பி தங்கமானவன். விஷயம் அவனுக்குத் தெரிந்த நாளிலிருந்து என் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்ததே இல்லை. அக்கா வீட்டுக்கு வருகிறவன் மாதிரியா வருகிறான்? தவணை கட்ட வருகிறவன் மாதிரி வருகிறான். முப்பது வருஷமாக.

மகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ‘குடும்பத்துக்காகத்தானே’ என்று ஆரம்பிக்காதீர்கள், ‘உன்னைக் கேட்காமல் எடுத்தேன்’ என்று ஆரம்பியுங்கள். எடுத்தது படிப்புக்கென்று வரிச் சலுகையோடு சேர்க்கும் 529 கணக்கிலிருந்து என்றால், படிப்பு தவிர்த்த செலவுக்கு எடுத்த லாபப் பங்கின் மேல் வரியும் 10 சதவீத அபராதமும் உண்டு. அந்த நஷ்டம் உங்களுடையது, அவள் தலையில் கட்டாதீர்கள். காரை விற்பீர்களோ, உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பில் கடன் வாங்குவீர்களோ, பணம் அவள் கணக்குக்குத் திரும்பட்டும். மகனிடம் சொல்வது அதற்குப் பிறகு. இப்போது சொன்னால் பந்தோடு சேர்த்துக் கூடப்பிறந்தவளின் ஃபீஸையும் தூக்கிக்கொண்டுதான் அவன் சிகாகோவில் ஓடுவான்.

அக்ரிமென்ட்டை ரத்து செய்யுங்கள். மனை புரோக்கர் அட்வான்ஸில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார், விடுங்கள். கோவையில் காலை பத்து மணி என்றால் உங்களுக்கு இரவு பதினொன்றரை. மனைவி தூங்குவதற்கு முன்னால், அவர் காதில் விழும்படி புரோக்கரைக் கூப்பிடுங்கள்.