கல்லறை இல்லாத அப்பாவுக்கு

கேள்வி: ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்ற எனக்கு ஓர் இடம் இல்லை. இல்லாத உடல் எப்படி உயிர்த்தெழும்? அந்தக் காலத்துப் பாலைவனத் துறவிகள் பட்டினி போட்டு வாட்டிய உடல் அவர்களுக்குத்தான் எதற்குத் திரும்ப?
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன் தங்கச்சி. மற்றதற்கும் வழி அதில்தான் இருக்கிறது.

எகிப்தில் வாழ்ந்த வனத்து அந்தோனியாரைச் சொல்கிறேன். (ராயபுரம் பக்கம் அந்தோனியார் என்றால் குழந்தை இயேசுவை ஏந்திய பதுவை அந்தோனியார்தான். இவர் அவருக்கு 900 வருஷத்துக்கு மேல் மூத்தவர்.) பாழடைந்த கோட்டைக்குள் 20 வருஷம் தனியாகக் கிடந்து வெளியே வந்தார். பார்த்தவர்களுக்கு ஆச்சரியம்: உடம்பு பெருக்கவுமில்லை, வற்றவுமில்லை. 105 வயதிலும் கண் தெளிவு. பற்கள் ஈறுவரை தேய்ந்திருந்தும் ஒன்றுகூட விழவில்லையாம். அவர் வரலாற்றை எழுதிய ஆயர் அத்தனாசியார் இதையெல்லாம் விடாமல் குறித்திருக்கிறார். வேண்டாத உடம்பென்றால் பல்லை யார் எண்ணப் போகிறார்கள்?

புனிதர்களின் உடலைத் துணியில் சுற்றி வீட்டிலேயே கட்டில்மேல் வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த நாட்டில் இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. 356-ல் சாகும் தறுவாயில், இடம் யாருக்கும் தெரியாமல் புதைக்கச் சொன்னார். உயிர்ப்பு நாளில் இதை அழியாத உடலாக மீட்பரிடம் பெற்றுக்கொள்வேன் என்றார். கூட இருந்த 2 சீடர்களும் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

உயிர்ப்பை அத்தனை நம்பியவர் கேட்டு வாங்கியது, மெழுகுவத்தி ஏற்ற யாருக்கும் இடம் தெரியாத குழியைத்தான். உங்கள் அப்பா கேட்டு வாங்கவில்லை. அந்த வித்தியாசத்தை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் திருவெளிப்பாடு 20-ஆம் அதிகாரம், 13-ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். சாவும் பாதாளமும் அப்புறம்தான். தன்னிடமுள்ள இறந்தோரை முதலில் ஒப்படைப்பது கடல்.

எங்கள் ஆயாவின் புருஷனையும் கடல்தான் கொண்டுபோனது. நவம்பர் 2 சாயங்காலம் ஆயா கரையோரக் கருங்கல்லில் உட்கார்ந்து, காலி பால் பவுடர் டப்பாவுக்குள் மெழுகுவத்தியை நிறுத்துவாள். பக்கத்தில் நான், தீப்பெட்டியோடு. நாலு குச்சியாவது வீணாகும். நீங்களும் போனால் டப்பா கொஞ்சம் உயரமானதாகப் பார்த்து எடுத்துப் போங்கள். அந்த நேரத்து வாடைக்காற்று பொல்லாதது.