99.9 என்ற எண்

அன்புள்ள அக்காவுக்கு,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு ஒரு மருந்துக் கம்பெனியில் இரண்டு வருடம் க்யூ.சி.யில், அதாவது தரச் சோதனைப் பிரிவில், இருந்தேன். சம்பளம் கட்டுப்படியாகவில்லை. இப்போது வேறொரு கம்பெனிக்கு மெடிக்கல் ரெப். சித்தூர், பாலக்காடு, வாளையாறு எல்லாம் என் ஏரியா. டாக்டர்களிடம் காட்டுகிற படப் புத்தகமான எங்கள் விஷுவல் எய்டில் ஒரு மாத்திரைப் படத்துக்குக் கீழே '99.9% தூய்மை' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. போன வாரம் ஓர் ஆஸ்பத்திரியில் ஓ.பி. முடியும்வரை காத்திருந்து உள்ளே போனேன். டாக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப மத்த கம்பெனிதெல்லாம் அழுக்கா?" என்று கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. அந்த எண் பொய் இல்லை, அந்தத் தொகுதி மாத்திரைகளின் சோதனை அறிக்கையை, பேட்ச் ரிப்போர்ட்டை, நானே பார்த்தேன். ஆனாலும் பொய் சொல்லிவிட்டு வந்தமாதிரியே இருக்கிறது. நான் சொன்னது பொய்யா அக்கா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

எண் நிஜம்தான். பக்கத்தில் எழுதியிருக்கிற 'தூய்மை' என்ற சொல்தான் பொய். மருந்தை அளக்கிற மெஷின் முன்னால் நீங்கள் உட்கார்ந்தவர், அதனால்தான் நாக்கு எழவில்லை.

ரிப்போர்ட்டில் நீங்கள் பார்த்த 99.9 அஸ்ஸே, அதாவது மருந்தின் அளவைப் பார்க்கும் சோதனையின் முடிவு. அட்டையில் 500 மில்லிகிராம் என்று போட்டால் உள்ளே 499.5 இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கூட என்ன கலந்திருக்கிறது என்பதற்கு வேறு சோதனை உண்டு. அளவிலும்கூட, பாராசிட்டமால் மாத்திரைக்கு மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் நம் ஃபார்மகோபியா 95-லிருந்து 105 சதவீதம் வரை இடம் தருகிறது. அளக்கிற மெஷினான எச்.பி.எல்.சி.யில், அளவு தெரிந்த ஒரே ஸ்டாண்டர்டை ஆறு முறை ஏற்றுவீர்களே, திரையில் ஆறு பீக்கும் ஒரே பரப்பிலா வந்தது? மெஷினே அரை சதவீதம் அப்படி இப்படி ஆடும். 99.9-க்கும் 99.4-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்த நோயாளியின் உடம்பும் அறியாது. டாக்டருக்கு அது தெரிந்திருக்கிறது, அதனால் கேட்டிருக்கிறார்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அடுப்பு ஒரு பக்கம் மட்டும் எரிந்த பானையில் அந்த ஒரு சோறு ஏமாற்றிவிடும். அஸ்ஸேக்கு 20 மாத்திரைகளை எடை போட்டுச் சேர்த்துப் பொடித்து, அதில் ஒரு பங்கைத்தான் எடுக்கிறோம். ஒரு மாத்திரையில் 80 சதவீதம், இன்னொன்றில் 120 என்று இருந்தாலும் பொடியில் நூறாகிவிடும். சாப்பிடுகிறவர் பொடியைச் சாப்பிடுவதில்லை, தினம் ஒரு மாத்திரை போடுகிறார். மிகக் குறைந்த அளவில் கொடுக்கிற மருந்துகளை அதனால்தான் தனித்தனி மாத்திரையாகவும் சோதிக்கச் சொல்கிறார்கள்.

என் கதையையும் சொல்ல வேண்டும். 90-களில் ஒரு சிறிய கம்பெனியின் லேபில் இருந்தேன். ஒரு சர்க்கரை நோய் மாத்திரை. அஸ்ஸே அழகாக வந்தது. அடுத்தது டிசல்யூஷன், மாத்திரை கரைகிறதா என்று பார்க்கும் சோதனை. ஆறு கண்ணாடிப் பாத்திரம், தண்ணீர் 37 டிகிரி, துடுப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால் இரண்டு பாத்திரத்தின் அடியில் மாத்திரை கூழாங்கல் மாதிரி அப்படியே கிடக்கிறது. ஓரம்கூட மழுங்கவில்லை. மாத்திரை அழுத்துகிற மெஷினில் அழுத்தம் கூடிப்போயிருக்கும் என்று நினைத்தேன். ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இன்னொரு தடவை ஓட்டிப் பாரும்மா" என்றார் மேலே இருந்தவர். வேறு ஆறு மாத்திரை போட்டேன், பாஸாகிவிட்டது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். முதல் தாள் பைலில் இல்லை. எந்த ஆஸ்பத்திரிக்கு அந்த பேட்ச் போனதோ, எந்த அம்மாவுக்குச் சர்க்கரை இறங்காமல் டோஸைக் கூட்டினார்களோ தெரியாது. முப்பது வருடமாகியும் அந்தக் கையெழுத்து என்னை விட்டுப் போகவில்லை. அந்த பேட்சுக்கும் யாரோ ஒரு ரெப் 'உயர்ந்த தரம்' என்று சொல்லியிருப்பார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்தது என் கையெழுத்து.

சோதனை, தேடியதைத்தான் காட்டும். 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைத் தமிழ்நாட்டு அரசு லேபில் பார்த்தபோது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. இருக்கலாம் என்ற எல்லை 0.1. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்தபிறகுதான் அந்தச் சோதனை நடந்தது. கேரளாவும் உடனே விற்பனையை நிறுத்தியது. விஷம் வந்தது, மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் திரவமான கரைப்பானில். அட்டையில் எழுதிய மருந்துகளை மட்டும் அளக்கிற ஆய்வில் அது தென்படாது. இது புதிதும் அல்ல. அமெரிக்காவில் 1937-லேயே இதே டைஎத்திலீன் கிளைக்கால் நூறு பேருக்கு மேல் கொன்றது. மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 1986-ல் இதே விஷம் கலந்த கிளிசரினால் 14 பேர் செத்தார்கள். கரைப்பான் டிரம் வந்து இறங்கும்போதே ஒரு சாம்பிள் எடுத்துப் பார்த்திருந்தால் போதும். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

நம் எல்லைக்கு அந்தப் பக்கம் 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கும் மருந்தின் சாம்பிளை, கம்பெனிப் பெயரை மறைத்து, எண் மட்டும் போட்டு லேபுக்கு அனுப்புவார்கள். யாருடைய சரக்கு என்று கெமிஸ்டுக்குத் தெரியாது. தூய்மையை வைத்து ஒரு கம்பெனி உயர்த்தி, ஒரு கம்பெனி தாழ்த்தி என்று விற்கவே கூடாது என்பது என் எண்ணம். கடையில் இருக்கிற எல்லா மருந்துக்கும் அது இருந்தே ஆக வேண்டும். 2024-ல் மத்திய அரசு கொண்டுவந்த மருந்து விற்பனை நெறிமுறையும், மொட்டையாக 'பாதுகாப்பானது' என்று போடக்கூடாது என்கிறது. அதை அச்செடுத்து உங்கள் ஏரியா மேனேஜரிடம் காட்டி, அந்தப் பக்கத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். டார்கெட் பேச்சு வரும், தெரியும். எழுத்தில் கேட்டு வையுங்கள்.

அந்த டாக்டரிடம் திரும்பப் போங்கள். "சார், அன்னிக்கு நீங்க கேட்டது சரி, அந்த எண் அளவைத்தான் சொல்லுது, மத்ததும் பாஸான மருந்துதான்" என்று சொல்லுங்கள். பேட்ச் ரிப்போர்ட்டின் முழு நகல், டிசல்யூஷன் உட்பட, கம்பெனியில் வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

சாம்பிள் ஸ்ட்ரிப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பைக் பெட்டியில்தானே. பாலக்காட்டில் மார்ச், ஏப்ரல் வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அட்டையில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும், மூடிய பெட்டிக்குள் அது எங்கே நிற்கும்? லேபில் பாஸான மாத்திரை உங்கள் பெட்டியில் கெடலாம். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தும்போது பெட்டியைக் கழற்றி உள்ளே எடுத்துப்போய், உங்கள் முறை வரும்வரை பெஞ்சுக்கடியில் நிழலில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா