புது ரோடு போட்டா டிராஃபிக் குறையுமா, அதுல எதுக்கு காசு வேற?

குறையும், ஆனா கொஞ்ச நாளைக்குத்தான். ரோடு காலியா இருக்குன்னு தெரிஞ்சதும் இவ்ளோ நாள் பஸ்ல போனவன், வேற ரூட்ல சுத்திப் போனவன், கூட்டத்துக்கு பயந்து லேட்டா கிளம்புனவன்னு எல்லாரும் கார எடுத்துட்டு அதே ஏழரை மணிக்கு அங்க வந்து நிப்பான், அப்புறம் பழைய கதைதான்.

சிங்கப்பூர்காரங்க இத சீக்கிரமே புரிஞ்சிகிட்டாங்க. 1975லயே காலைல டவுனுக்குள்ள கார் வரணும்னா 3 சிங்கப்பூர் டாலருக்கு அனுமதிச் சீட்டு வாங்கி கார்ல ஒட்டணும், நாலு பேரா வந்தா ஃப்ரீ. 1998ல இருந்து ஈ.ஆர்.பி.ன்னு எலக்ட்ரானிக் ரோடு கட்டணம், ரோட்டுக்கு மேல வளைவு மாதிரி நிக்கிற கேன்ட்ரிக்கு அடில போனா தானா காசு கழியும். ரேட்ட எப்படி வைக்கிறாங்கங்கிறதுதான் மேட்டரே. எக்ஸ்பிரஸ்வேல வண்டி 45ல இருந்து 65 கி.மீ. வேகத்துல ஓடணும், அதுக்குக் கீழ போனா ரேட் ஏறும், மேல போனா இறங்கும். அதாவது போட்ட காச எடுக்க இல்ல, கூட்டத்த பிரிக்கத்தான் விலை (கார்காரங்க இத ஒத்துக்க மாட்டாங்க, அது வேற). நம்மூர் டோல்கேட்ல விடிகாலை மூணு மணிக்கும் பீக் அவருக்கும் ஒரே ரேட்டு, அதுல கூட்டம் எப்படி குறையும்?

அதுக்காக ரோடே போடாம இல்ல, 2013ல திறந்த மரீனா கோஸ்டல் எக்ஸ்பிரஸ்வே 5 கி.மீ.தான், செலவு 400 கோடி டாலருக்கு மேல, கொஞ்ச தூரம் கடலுக்கு அடில போகுது. ஆனா பஸ், எம்.ஆர்.டி. (அங்கத்த மெட்ரோ ரயில்) மாதிரி வேற வழி இல்லாத ஊர்ல இந்த மாதிரி காசு வாங்குனா அது வெறும் வரிதான்.